கொசு எண்ணெய் வாசம்

ஈப்போ,
12.1.1986

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி யேசுதாசன் எழுதுவது. இங்கே நானும் டோரிசும் பிள்ளையும் சுகம். அங்கே நீயும் மச்சானும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

ஈயச் சுரங்கத்தை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பிய நாளிலிருந்து நான் உனக்கு ஒழுங்காக எழுதவில்லை. எழுத என்ன இருந்தது? தினமும் காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலை தேடப் போவேன், மத்தியானம் திரும்பி வருவேன். டோரிஸ் ஒன்றும் கேட்க மாட்டாள். அவள் கேட்காமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். இப்போது அது தீர்ந்தது. எனக்கு வேலை கிடைத்துவிட்டது அக்கா.

மிஸ்டர் லியோங் என்பவர் வைத்திருக்கும் சோதனைக்கூடத்தில் வேலை. பெட்ரோல் கடைகளில் பூமிக்கடியில் தொட்டி புதைத்திருக்கிறார்கள் இல்லையா, அது ஒழுகித் தண்ணீரில் கலக்கிறதா என்று பார்க்க ஓர் எண்ணெய்க் கம்பெனி இவரை அமர்த்தியிருக்கிறது. கடையைச் சுற்றி நான்கு இடத்தில் குழாய் இறக்கியிருக்கிறார்கள். நான் மாதம் ஒரு முறை போய் மூடியைத் திறந்து, நாடாவை விட்டு, தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று அளக்க வேண்டும். பிறகு ஒரு நீளக் குழலைக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். குழலின் அடியில் ஒரு கோலிக்குண்டு இருக்கிறது. இறங்கும்போது தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். தூக்கும்போது குண்டு வாயை அடைத்துக்கொள்ளும். மேலே வந்ததும் வெளிச்சத்தில் பிடித்து, எண்ணெய் மிதக்கிறதா என்று பார்த்து, ஒரு குமிழிகூட இல்லாமல் பழுப்புப் போத்தலில் நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து ஈப்போவுக்குக் கொண்டுவர வேண்டும். இதுதான் உத்தியோகம். சிரிக்காதே.

அப்பா ஆயுசு முழுக்கத் தோட்டத்துக் கால்வாயில் கொசு எண்ணெய் அடித்தார். மகன் தண்ணீருக்குள் எண்ணெயைத் தேடிக்கொண்டு போகிறான். அவர் இருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

முக்கியமான சேதியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். உன் லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் ரோட்டோரம் ஒரு பெட்ரோல் கடை இருக்கிறதே, அதுவும் என் பட்டியலில் இருக்கிறது. பிப்ரவரியிலிருந்து மாதம் ஒரு நாள் உன் வீட்டில் சாப்பாடு. மச்சானிடம் சொல்லி வை.

உன் அன்புத் தம்பி,
யேசுதாசன்


† உ

ஏழாங்கட்டை,
பாகான் செராய்,
20.1.1986

அன்புள்ள தம்பி தாசுக்கு,

அக்கா கெர்ட்ரூட் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நலம். மேலே நான் சிலுவை போட்டேன். உன் மச்சான் எட்டிப் பார்த்து, "எங்க ஆளையும் கூட சேத்துக்கோலா," என்று பக்கத்தில் பிள்ளையார் சுழியைப் போட்டுவிட்டார். இருபத்து நான்கு வருஷமாக இந்த வீட்டில் எல்லாம் இப்படித்தான்.

உனக்கு வேலை கிடைத்த சேதியைப் படித்ததும் நான் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான். உன் மச்சானுக்குக் கோலிக்குண்டு விஷயம் ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த வீட்டுப் பையன் பத்துமலையைக் கூப்பிட்டு வைத்து, ஒரு போத்தலை வாளிக்குள் முக்கி முக்கி விளக்கிக்கொண்டிருக்கிறார்.

நீ வருவாய் என்றதும் எனக்குப் பழசெல்லாம் நினைவுக்கு வந்தது. மாற்று மதத்தானோடு போனவள் என்று அப்பா சாகும்வரை இந்த வீட்டில் கை நனைக்கவில்லை. எண்ணெய் டின்னை முதுகில் மாட்டிக்கொண்டு எங்கள் லயத்துக் கால்வாய்க்கு வருவார். வாசலுக்கு ஐந்தடி தள்ளி நின்று, "நல்லா இருக்கியா?" என்பார். நான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தால், "இப்பத்தான் குடிச்சிட்டு வாரேன்," என்பார். செம்பை அப்படியே உள்ளே எடுத்துப் போவேன். மாதம் தவறாமல் கொண்டுவந்தேன், மாதம் தவறாமல் திருப்பி எடுத்துப் போனேன். நீ அப்போது பத்து வயதுப் பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டு வேலியைத் தாண்டி வந்து அதே செம்பை வாங்கி மடமடவென்று குடிப்பாய். எனக்குப் பிறந்த வீடு என்று இருந்தது நீ ஒருத்தன்தான் தாசு.

மகள் நவமணி பத்து காஜாவில் மாமியார் வீட்டில் நன்றாக இருக்கிறாள். நீ வருகிற தேதியை முன்கூட்டியே எழுது. கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன்.

உன் அக்கா,
கெர்ட்ரூட்


ஈப்போ,
19.2.1986

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உன் குழம்பின் வாசம் கையில் இருக்கிறது என்று டோரிஸ் கோபித்துக்கொண்டாள். அவளுக்கு ஒரு டப்பாவில் கொடுத்தனுப்பவில்லையாம். மச்சானுடைய பேச்சை நினைத்து நினைத்து வேன் முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்தேன். இரண்டு பெரிய கோப்பை காப்பி குடித்தது ரொம்ப அதிகம். தூக்கம் வரவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். கை கழுவ நீ தண்ணீர் ஊற்றியபோது லேசாக ஒரு வாசம் வந்தது. காப்பியிலும் இருந்ததோ என்று ஒரு சந்தேகம். கிணற்றில் அந்த வாசம் எத்தனை நாளாக இருக்கிறது? நாள் முழுக்கப் பெட்ரோல் கடைகளில் நின்று என் மூக்கே கெட்டுப்போயிருக்கலாம். இருந்தாலும் எழுது. கடையின் பின் வேலியிலிருந்து உன் கிணற்றுக்கு எண்பது அடி எடுத்து வைத்தேன். எண்ணிக்கொண்டே நடந்தேன்.

உன் தம்பி,
யேசுதாசன்


† உ

ஏழாங்கட்டை,
3.3.1986

அன்புள்ள தம்பி தாசுக்கு,

உன் மூக்கு கெடவில்லை. வாசம் இருக்கிறதுதான். தீபாவளிக்கு முன்னால் சுகாதார ஆபீஸ்காரர்கள் வந்து, டிங்கிக் காய்ச்சல் பரவுகிறது என்று லயத்துக் கால்வாயெல்லாம் மருந்தடித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகுதான் வந்தது. கொசு எண்ணெய். உனக்குத் தெரியாத வாசமா? அப்பா சட்டையைத் துவைத்து வளர்ந்தவள் நான். "எண்ணெய் மெதக்குற தண்ணியில காய்ச்சல் இல்ல" என்று அவர் சொல்லிச் சொல்லி நம் காதே தேய்ந்து போயிருக்கிறது. தோட்டத்தில் பாதிப் பேர் மலேரியாவில் போனபோது நம் லயத்தில் ஒருவரும் சாகவில்லை. அந்த எண்ணெயால்தான்.

அடுத்த வீட்டு ராக்காயி மட்டும் தலை வலிக்கிறது என்று பள்ளிக்கூடத்து பைப்பில் போய்ப் பிடித்து வருகிறாள். அரை மைல். எனக்கு முட்டி வலிக்கு அது ஆகாது.

உனக்கு ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. சில நாள் காலையில் வாளியை இழுக்கும்போது அந்த வாசம் குப்பென்று வரும். அப்பா வந்து ஐந்தடி தள்ளி நிற்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். அழுகை வராது. சந்தோஷமாகத்தான் இருக்கும்.

உன் மச்சான் அரிசி ஆலைக்கு ஜாகா வேலைக்குப் போகிறார். ராத்திரிக் காவல் இல்லை, பகல்தான். அடுத்த தரம் வரும்போது டோரிசுக்கும் டப்பா தருகிறேன் என்று சொல்.

உன் அக்கா,
கெர்ட்ரூட்


ஈப்போ,
7.4.1986

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்த்த திருநாள் வாழ்த்துகள். மார்ச் மாதம் கடைக்கு வந்தேன், வேன் உடனே திரும்ப வேண்டியிருந்ததால் வீட்டுக்கு வர முடியவில்லை. மன்னித்துக்கொள்.

கடையில் என்ன கண்டுபிடித்தோம் என்று மச்சான் கேட்டதாக அங்கே பம்ப் அடிக்கிற உடையப்பன் சொன்னான். வேலை விஷயத்தை வெளியில் பேசக் கூடாது என்று மிஸ்டர் லியோங் எங்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார். முடிவெல்லாம் நேராகக் கம்பெனிக்குத்தான் போகும். ஆகவே தயவுசெய்து என்னிடம் அதைக் கேட்க வேண்டாம். ஈப்போவில் இப்போது ஒரு வேலை போனால் இன்னொன்று இல்லை. என்னோடு சுரங்கத்தில் இருந்த இராமசாமி அண்ணன் மார்க்கெட்டில் கூடை தூக்குகிறார்.

இது வேறு விஷயம். உன் கிணறு பழைய கிணறு. வெயிலும் ஏறுகிறது. நீயும் பள்ளிக்கூடத்து பைப்பிலேயே குடிக்கத் தண்ணீர் பிடித்தால் என்ன? மச்சானைச் சைக்கிளில் கொண்டுவரச் சொல். கிணற்றையும் ஒரு முறை இறைத்துச் சுத்தம் செய்தால் நல்லது. அடியில் சேறு இருக்கும். சும்மா சுகாதாரத்துக்காகத்தான் சொல்கிறேன்.

உன் தம்பி,
யேசுதாசன்


† உ

ஏழாங்கட்டை,
5.5.1986

தம்பி தாசுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். மனதில் வைத்துப் புழுங்குவதைவிட எழுதிவிடலாம் என்று எழுதுகிறேன்.

28ஆம் தேதி நீ வந்தாய். பத்து நிமிஷம் உட்கார்ந்தாய். சாப்பாடு வேண்டாம், வழியில் ஆகிவிட்டது என்றாய். சரி. காப்பி போட்டுக் கொடுத்தேன். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஊதிக்கொண்டே இருந்தாய். நான் முறுக்கு எடுக்க உள்ளே போய்த் திரும்பி வந்தபோது கோப்பை காலி. "நல்லா இருந்துச்சிக்கா," என்றாய். நீ போன பிறகு பார்த்தேன், வாசலில் மிளகாய்ச் செடியின் அடி ஈரமாக இருந்தது. காப்பித்தூள் தெரிந்தது.

அப்பா ஐந்தடி தள்ளி நின்று வேண்டாம் என்றார். முகத்துக்கு நேராகச் சொன்னார். நீ உள்ளே வந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டே கொட்டிவிட்டுப் போயிருக்கிறாய். எது பெரிய அவமானம் என்று நீயே சொல்.

டோரிஸ் வீட்டார் பெரிய இடம், மாதா கோயிலில் முன் வரிசை. அக்கா விபூதி பூசுகிற வீட்டில் இருக்கிறாள் என்று அவர்கள் ஏதாவது சொல்லியிருப்பார்களோ? சொல்லட்டும். பத்து வயதில் உனக்கு இருந்த தைரியம் இப்போது எங்கே போயிற்று? உன் மச்சானிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை, செடியை அவரும் பார்த்தார்.

கெர்ட்ரூட்


ஈப்போ,
14.5.1986

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். மாதா மேல் ஆணையாகச் சொல்கிறேன், நீ நினைப்பது இல்லை. டோரிசை இதில் இழுக்காதே. அவள் உன் குழம்பை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்றைக்கு எனக்கு வயிறு சரியில்லை. உன் மனம் நோகக் கூடாதென்று கொட்டினேன். அது தப்பு. அந்தத் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். உன் மேலேயோ மச்சான் மேலேயோ எனக்கு என்ன இருக்கிறது? உன் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன் நான்.

கிணறு சுத்தமாகட்டும். பிறகு ஒரு செம்பு என்ன, ஒரு வாளி குடிக்கிறேன். அதுவரை நீங்களும் அதைக் குடிக்காமல் இருந்தால் எனக்கு நிம்மதி. ஏன் என்று கேட்காதே அக்கா. இந்த ஒன்றை மட்டும் எனக்காகச் செய்.

உன் தம்பி,
யேசுதாசன்


† உ

ஏழாங்கட்டை,
30.6.1986

தம்பி தாசுக்கு,

நீ மே மாதமும் வந்தாய், இந்த மாதமும் வந்தாய். கடை வரைக்கும் வந்தவனுக்கு எண்பது அடி நடக்க முடியவில்லை. பம்ப் அடிக்கிற உடையப்பன் வந்து சொன்னான்: "தாசு அண்ணே அந்த மூணாம் நம்பர் குழாய்கிட்ட ரொம்ப நேரம் குந்திக்கிட்டு இருந்தாரு அக்கா, அப்புறம் ஒங்க வீட்டையே பாத்துக்கிட்டு நின்னாரு, போய்ட்டாரு." நான் அப்போது கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும்.

நீ சொன்னபடி பத்து நாள் பள்ளிக்கூடத்து பைப்பில் பிடித்தோம். பிறகு அங்கே தண்ணீர் வரத்து குறைந்து, வெளி ஆட்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே திரும்பவும் கிணறுதான்.

உன் மச்சான் ஏதோ எழுத வேண்டுமாம். இடம் விட்டிருக்கிறேன்.

கெர்ட்ரூட்

மாப்ளே, ஜெயபாலன் எழுதுறது. ஒங்க அக்கா ரெண்டு மாசமா சரியா சாப்புடல, அந்த மொளகா செடிய புடுங்கி போட்டுட்டா. நா சொன்னேன், பய கெணறு சுத்தமானா குடிக்கிறேன்னு எழுதியிருக்கான்ல, சுத்தம் பண்ணிட்டா போச்சி. மழ இல்ல, தண்ணி நல்லா கீழ எறங்கிருச்சி. வர்ற 13ந் தேதி ஞாயித்துக்கெழம, நானும் பத்துமலையும் எறங்கி தூர் வார போறோம். அடுத்த மாசம் வந்து நீங்க குடிக்கணும். குடிக்காம போனீங்கன்னா ஒங்கள தூக்கி அதே கெணத்துக்குள்ள போட்டுருவேன்லா.


ஈப்போ,
10.7.1986

அக்கா,

அவசரம். மச்சானைக் கிணற்றில் இறங்க வேண்டாம் என்று சொல். பத்துமலையும் இறங்க வேண்டாம். காரணத்தை இதில் எழுத முடியவில்லை. மாதக் கடைசியில் நேரில் வந்து எல்லாவற்றையும் சொல்கிறேன்.

யேசுதாசன்


ஈப்போ,
24.7.1986

அக்காவுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. மச்சானுடைய பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் வரப்போவதில்லை. இதைப் படித்த பிறகு நான் அங்கே இருப்பதை நீ விரும்ப மாட்டாய்.

உன் கிணற்றில் இருப்பது கொசு எண்ணெய் இல்லை அக்கா. பெட்ரோல்.

கடையின் தொட்டி ஒழுகுகிறது. மார்ச் மாதம் மூன்றாம் குழாயில் குழலை இறக்கி எடுத்தபோது தண்ணீருக்கு மேல் அரை விரல் கனத்துக்கு மிதந்தது. ஏப்ரலில் ஒரு விரல். ஜூனில் இரண்டு விரல். நான்கு குழாயிலும் தண்ணீர் மட்டத்தை அளந்து பார்த்தால் பூமிக்கடியில் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். அது உன் கிணற்றுப் பக்கம் போகிறது. இது எனக்கு மார்ச்சிலேயே தெரியும். மிஸ்டர் லியோங்கிடம் சொன்னேன், பின்னால் என் அக்கா வீட்டுக் கிணறு இருக்கிறது என்றும் சொன்னேன். கம்பெனிக்கு எழுதியாகிவிட்டது, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீ வாயைத் திறந்தால் நாளை முதல் வர வேண்டாம் என்றார். நான் திறக்கவில்லை.

காப்பியைக் கொட்டியது அதனால்தான். அதற்குப் பிறகு வீட்டுக்கு வராததும் அதனால்தான். நீ அந்தத் தண்ணீரைக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு உன் எதிரில் உட்கார எனக்குத் தெம்பு இல்லை. உன்னைக் குடிக்க விட்டுவிட்டு என் கண்ணை மட்டும் காப்பாற்றிக்கொண்டேன்.

கிணற்றைச் சுத்தம் செய்யச் சொன்னது நான். சுத்தமானால் குடிக்கிறேன் என்று எழுதியதும் நான். ஏதாவது சொல்லி அந்தத் தண்ணீரை விட்டு உங்களை விலக்க வேண்டும் என்று வாய்க்கு வந்ததை எழுதினேன். அவர் உண்மையாகவே இறங்குவார் என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை.

உங்கள் கடிதம் எனக்கு 4ஆம் தேதி கிடைத்தது. ஆறு நாள் சட்டைப் பையில் வைத்திருந்தேன். கடைக்குப் போன் போட்டால் எடுப்பது கடை முதலாளி, அந்தத் தௌக்கேதான். தந்தி கொடுக்கலாம் என்று தபால் நிலையத்தில் வரிசையில் நின்றேன். 'கிணற்றில் இறங்காதே' என்று இரண்டு சொல் போதும். அந்த இரண்டு சொல்லுக்கு நாளை யாராவது காரணம் கேட்பார்களே என்று பயந்து, என் முறை வரும்போது வெளியே வந்துவிட்டேன். பேருந்து ஏறி வந்திருக்கலாம். வரவில்லை. கடைசியில் சாதாரணத் தபாலில் நாலு வரி போட்டேன்.

ஆஸ்பத்திரியில் கிணற்று வாயு என்று எழுதிவிட்டார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். பள்ளத்தில் போய்த் தங்கும். மேலே நிற்பவனுக்கு வெறும் வாசம்தான், அடியில் இருப்பவனுக்கு மூச்சுவிடக் காற்று இருக்காது. இதுவும் எனக்குத் தெரியும்.

இதோடு ஐந்து மாத அளவுகளையும் என் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு பிரதியை இன்று காலை ஈப்போவில் அரசாங்க ஆபீசில் கொடுத்துவிட்டேன். இது உன் பிரதி. மாவட்ட அலுவலகத்தில் கேட்டால் காட்டு. வேலை போகும், போகட்டும். லயத்தில் யாரும் அந்தக் கிணற்றைத் தொட வேண்டாம். பக்கத்தில் சிகரெட்டோ விளக்கோ கொண்டுபோக வேண்டாம். பிள்ளைகளை நெருங்க விடாதே.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். ஒன்றும் சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதே.

யேசுதாசன்


† உ

ஏழாங்கட்டை,
14.9.1986

யேசுதாசனுக்கு,

இந்த முறை சுழியையும் நானே போட்டேன்.

உன் கடிதம் கிடைத்து ஒன்றரை மாதம் ஆகிறது. ஒன்றும் சொல்லாமல் இருக்காதே என்று எழுதியிருந்தாய். ஆகவே எழுதுகிறேன்.

அன்றைக்கு நடந்ததை உன்னிடம் யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். காலையில் அவர் இறங்கும் முன்னால் ஒரு பெரிய தெம்பாயான் ஜாடி நிறையத் தண்ணீர் இறைத்து வைக்கச் சொன்னார், தூர் வாரினால் இரண்டு நாள் கலங்கலாக இருக்கும் என்று. வைத்தேன். முதலில் பத்துமலைதான் இறங்கினான். தலை சுற்றுகிறது என்று பாதியில் ஏறி வந்துவிட்டான். அவர் அவனைக் கேலி செய்துவிட்டு இறங்கினார். நான் மேலே நின்று வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து சிரித்துக்கொண்டே, "கெர்ட்டு, கொசு எண்ண வாசம் ஆள தூக்குது. மாமாவே வந்துட்டாரு போல, கடைசியில நம்ம வூட்டுக்கு," என்றார். அதற்குப் பிறகு கீழே வாளியை நிரப்ப ஆள் இல்லை. பத்துமலை திரும்ப இறங்கப் பார்த்தான், ராக்காயி அவன் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நல்ல காலம், பிடித்துக்கொண்டாள்.

உன் நாலு வரிக் கடிதம் திங்கட்கிழமை மத்தியானம் வந்தது. அவரை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து பந்தலில் வைத்திருந்தோம். நீ அங்கேதான் உட்கார்ந்திருந்தாய். தபால்காரர் கடிதத்தை என் கையில் கொடுத்ததை நீ பார்த்தாய். உன் கையெழுத்தை நானும் பார்த்தேன். பிரிக்காமல் இடுப்பில் சொருகிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் நீ எழுந்து வந்து, "அக்கா, தண்ணி குடுக்கா," என்று கேட்டாய். தெம்பாயானில் மொண்டு செம்பில் கொடுத்தேன். எல்லாரும் பார்க்க மடமடவென்று குடித்தாய். பத்து வயதில் குடித்த மாதிரியே குடித்தாய். புருஷன் பிணமாகக் கிடக்கும்போது நான் சந்தோஷப்பட்டேன் தாசு. என் தம்பி எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டான் என்று நினைத்தேன். அந்த நினைப்போடுதான் அவரைச் சுடுகாட்டுக்கு அனுப்பினேன்.

நீ குடித்தது என்ன தண்ணீர் என்று உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அதையும் நீ எனக்குச் சொல்லாமல்தான் குடித்திருக்கிறாய்.

உன் கணக்கை மாவட்ட அலுவலகத்தில் கொடுத்தேன். பெரிய ஆட்கள் வந்தார்கள். கடையை மூடிவிட்டார்கள், தொட்டியைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். கிணற்றின் மேல் சிமெண்டுப் பலகை போட்டாகிவிட்டது. நீ எழுதாமல் இருந்திருந்தால் லயத்தில் இன்னும் எத்தனை பேருக்கு என்ன ஆகியிருக்குமோ. அதை நான் மறக்க மாட்டேன். ராக்காயி தினமும் உனக்காகச் சாமி கும்பிடுகிறாள்.

உனக்கு வேலை போய்விட்டது என்று டோரிஸ் எழுதியிருந்தாள். அவளும் பாவம். பிள்ளைக்கு இரண்டு சட்டை தைத்து அனுப்பியிருக்கிறேன், அளவு சரியாக இருக்கிறதா என்று அவளை எழுதச் சொல். நவமணி என்னைப் பத்து காஜாவுக்குக் கூப்பிடுகிறாள். நான் போகவில்லை. அவர் இருந்த வீடு.

போன வாரம் எங்கள் வாசலுக்கே பைப் வந்துவிட்டது. முதல் செம்புத் தண்ணீரை அவர் படத்துக்கு முன்னால் வைத்தேன். வாசமே இல்லை. ராக்காயி குடித்தாள், பத்துமலை குடித்தான், வெயிலில் வந்த தபால்காரர் குடித்தார். யார் வந்தாலும் கொடுக்கிறேன்.

நீயும் வா. வராதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பா மாதிரி உன்னை ஐந்தடி தள்ளி நிற்க வைக்க மாட்டேன். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார். ஆனால் அந்தச் செம்பை எடுத்து உன் கையில் கொடுக்க எனக்கு மனம் வராது. எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன், வராது. என்னிடம் கேட்டுவிடாதே.

வரும்போது வழியிலேயே தண்ணீர் குடித்துவிட்டு வா.

கெர்ட்ரூட் ஜெயபாலன்